புதுச்சேரி வீட்டு வாசக்கால் உளுத்துப் போச்சு: ஒட்டுப் போடலாமா, கழட்டிக் கொடுத்துடலாமா?

#1 வாய்க்கால்_மேற்கு

எல்லாருக்கும் வணக்கம். பாண்டியில பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில எங்க பூர்வீக வீடு. தெருப் பேரு வேண்டாம், சொந்தக்காரங்க யாராவது படிச்சா வம்பு. தெருவோரமா மரத்தூண் வெச்ச தாழ்வாரம், அதைத் தாண்டித் திண்ணை, அப்புறம் தலைவாசல். இரட்டைக் கதவு. கீல் கிடையாது, குடுமிக் கதவு: மேலயும் கீழயும் நீட்டிட்டு இருக்கற மர முளை குழியில சுத்தும். மேல உத்தரத்துல கஜலட்சுமி, ரெண்டு பக்கமும் யானை. இடது யானைக்குத் துதிக்கை இல்லை. அதை உடைச்சது ஏழாங்கிளாஸ் படிக்கும்போது நான் அடிச்ச பந்து. வீட்டுல இன்னை வரைக்கும் யாருக்கும் தெரியாது.

விஷயத்துக்கு வர்றேன். போன மழைக்கு அப்புறம் வலது பக்க நிலைக்கால் அடியில ஒரு சாண் உயரத்துக்குப் புட்டு மாதிரி உதிருது. கதவு அந்தப் பக்கமாச் சாய்ஞ்சு தரையை உரசுது. ராத்திரி சாத்தினா தெருவே முழிச்சுக்கும். பழைய மரச்சாமான் வாங்குறவர் ஒருத்தர் வந்து பார்த்தார். "நிலையோட அப்படியே கழட்டிக் குடுங்க, புது தேக்குக் கதவு போட்டுத் தர்றேன், மேல ஒரு தொகையும் தர்றேன்"ங்கறார். சித்தப்பாவுக்குச் சம்மதம். அம்மா ரெண்டு நாளா யார்கிட்டயும் பேசலை. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே காலத்துக் கதவுன்னு சித்தப்பாவே சொல்வார், இப்ப அவரே விக்கணும்ங்கறார்.

சரி பண்ண முடியுமா, இல்ல போய்ச் சேர்ந்ததுதானா?

#2 குடுமியான்

கழட்டாதீங்க. அடுத்த தடவை அந்தக் கஜலட்சுமியை ஏதோ ஒரு ரிசார்ட்டுல கண்ணாடி போட்ட சாப்பாட்டு மேஜையாப் பார்ப்பீங்க. நான் பார்த்திருக்கேன். லட்சுமி முகத்துக்கு மேல ஒருத்தர் ஆம்லெட் தட்டை வெச்சிருந்தார்.

#3 உளிக்காரன்

தம்பி, பதட்டப்படாதீங்க. நான் இந்தத் தொழில்ல இருக்கறவன். முதல்ல இதைப் பார்த்துச் சொல்லுங்க.

ஒரு திருப்புளியை எடுத்து அடியிலிருந்து மேல ரெண்டு விரக்கடைக்கு ஒரு தடவை குத்திக்கிட்டே போங்க. எந்த உயரத்துல இறங்காம நிக்குதோ அங்க சாக்பீஸ்ல கோடு போடுங்க. உத்தரத்தைச் சுத்தியலால மெதுவாத் தட்டுங்க. கணீர்னு கேட்டா நல்லது, பொத்துன்னு கேட்டா உள்ளே கோறை. உதிர்ற தூள் மாவு மாதிரி இருந்தா உளு. மண்ணு ஒட்டி வரி வரியா இருந்தா கரையான். ரெண்டும் இல்லாம செங்கல் நிறத்துல கட்டம் கட்டமா வெடிச்சிருந்தா அது ஈரத்துல பிடிச்ச பூஞ்சை.

இன்னொண்ணு. உங்க அம்மா கல்யாணமாகி வந்தப்போ தெருவிலிருந்து திண்ணைக்கு எத்தனை படின்னு கேளுங்க. இப்ப எத்தனைன்னும் எண்ணுங்க.

#4 வாய்க்கால்_மேற்கு

அண்ணே, கடைசிக் கேள்வியை எப்படிக் கேட்டீங்கன்னு தெரியலை. அம்மா சட்டுனு "நாலு"ன்னாங்க. இப்ப ஒண்ணரைதான். ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் பழசைச் சுரண்டாம மேலயே போட்டுட்டுப் போறாங்க. மழை வந்தா தாழ்வாரத்துல கணுக்கால் தண்ணி. தாத்தா காலத்துல தாழ்வாரத்து ஓரம் உட்கார்ந்தா கால் தொங்குமாம். இப்ப முட்டி மோவாயில இடிக்குது.

கரையான் இல்லை. நீங்க கடைசியாச் சொன்ன மாதிரிதான், கட்டம் கட்டமா. ஒரு சாணுக்கு மேல திருப்புளி இறங்கலை. உத்தரம் மணி மாதிரி கேட்குது. கீழ்ப்படிக் கட்டையும் வலது முனையில போயிருக்கு.

இன்னொண்ணும் சொல்லிடறேன். பதினஞ்சு வருஷம் முன்னாடி முன்பக்கச் சுவர்ல காரை உதிருதுன்னு சிமெண்ட் பூசினோம். நிலைக்குப் பச்சை எனாமல் பெயிண்ட், ரெண்டு கோட்டு.

#5 சுண்ணாம்புக்காளவாய்

அந்தச் சிமெண்ட்தான் முதல் குற்றவாளி, ரோடு ரெண்டாவது.

பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், பூச்சு வழியா அதை வெளியே விட்டுடும். சுண்ணாம்புப் பூச்சுக்குச் சுவாசம் உண்டுன்னு கொத்தனார்கள் சொல்றது இதைத்தான். அதுமேல சிமெண்டை அப்பினா ஈரத்துக்கு வெளியேற வழி கிடையாது. ரெண்டு இடம்தான் பாக்கி: ஒண்ணு சுவர்ல மேல மேல ஏறும், இல்லேன்னா பக்கத்துல இருக்கற மரத்துக்குள்ள போகும். நிலைக்காலோட முதுகுப் பக்கம் சுவரை ஒட்டித்தானே இருக்கு? முன்பக்கம் எனாமல் அடைச்சிருக்கீங்க. முதுகு வழியா ஏறின ஈரம் முகம் வழியா வெளியேற முடியாது. மரம் உள்ளுக்குள்ளேயே வெந்துடுச்சு.

கடலுக்கு இவ்வளவு பக்கத்துல உப்பும் சேரும். ஈரம் காயுற இடத்துல உப்பு படிகமாகிப் பூச்சைத் தள்ளும். பாண்டியில எந்தத் தெருவுல நடந்தாலும் இடுப்பு உயரத்துல சுவர் தோல் உரிஞ்ச மாதிரி இருக்குமே, அது இதுதான்.

சிமெண்டை எடுத்துட்டு நீத்த சுண்ணாம்பும் மணலும் அரைச்சுப் பூசுங்க. கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் சேர்க்கத் தெரிஞ்ச ஆள் கிடைச்சா விடாதீங்க. மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு எல்லாம் தலைவாசலுக்கு வேண்டாம், அது உள்கூடத்துத் தூண் கண்ணாடி மாதிரி மின்னணும்னா செய்யறது.

#6 பழஞ்சுவடி

நண்பர் குடும்பத்தின் "துய்ப்ளே காலம்" பற்றிக் கொஞ்சம். மனம் புண்பட வேண்டாம்.

துய்ப்ளே கவர்னராக இருந்தது 1742 முதல் 1754 வரை. 1761 ஜனவரியில் ஊர் ஆங்கிலேயரிடம் விழுந்தது. அதன்பின் கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் திட்டம் போட்டு இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1763இல் பாரிஸ் உடன்படிக்கையில் ஊர் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பியது. 1765இல் வந்து பொறுப்பேற்றுக்கொண்டு, பழைய தெரு வரிசையின் மேலேயே மீண்டும் கட்டினார்கள். எனவே இன்று சுற்றுலாப் பயணிகள் படம் பிடிக்கும் "பிரெஞ்சு" வாசல் எதையும் துய்ப்ளே தட்டியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

தெரு வரிசை என்றதும் நினைவுக்கு வருகிறது. நேர்நேராக வெட்டிக்கொள்ளும் அந்தத் தெருக்களைப் பிரெஞ்சுத் திட்டம் என்றே எல்லாரும் எழுதுகிறார்கள். 1693 முதல் 1699 வரை ஊரை வைத்திருந்தவர்கள் டச்சுக்காரர்கள். கட்டம் போட்ட திட்டம் அவர்கள் காலத்தது.

1761க்கு முந்தைய வீடு வேண்டுமென்றால் ரங்கப்பிள்ளை தெருவில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இருக்கிறது. 1730களின் கடைசியில் கட்டியது. துய்ப்ளேயின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகருமாக) இருந்து, 1736 முதல் தமிழில் நாட்குறிப்பு எழுதியவர். ஊர் விழுவதற்குச் சில நாள் முன்புதான் இறந்தார். அந்த வீட்டில் கீழே மரத்தூண்களும் முற்றமுமாகத் தமிழ் வீடு. மாடி ஏறினால் காரைத் தூண்களோடு பிரெஞ்சுப் பாணி. ஒரே படிக்கட்டில் இரண்டு ஊர்.

உங்கள் கதவு தேக்கு என்றால் பர்மாத் தேக்காக இருக்கலாம். அது சோழமண்டலக் கரையில் வந்து குவிந்தது 19ஆம் நூற்றாண்டில். அந்தக் கதவைக் குறைத்துச் சொல்வதாக நினைக்காதீர்கள். நூற்றைம்பது வயது என்றாலும் மரியாதைதான்.

#7 லிசே_பழசு

பாரீசிலிருந்து எழுதறேன். எங்க தாத்தா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கினவர். அதனால எனக்கு வெள்ளைக்காரப் பக்கத்து வாசல்தான் நினைவுல நிக்குது. துய்மா தெருவில உயரமான மதில், அதுல வளைவு வெச்ச பெரிய கேட், வண்டி நுழையற அகலம். கதவைத் திறந்தாத்தான் உள்ளே தோட்டம் இருக்குன்னே தெரியும். ரெண்டு பக்கமும் காரையில அரைத்தூண், மேல ஜாடி. அந்த அழகுக்கு முன்னாடி மத்ததெல்லாம்... சரி, அடிக்க வராதீங்க.

#8 மாடக்குழி

அடிக்கத்தான் வர்றேன் :)

அந்த மதில் வாசலோட வேலையே வெளியாளை நிறுத்தறது. தமிழ்வீட்டு வாசல் அப்படி இல்லை. தாழ்வாரம் தெருவில போறவன் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க. யாரையும் கேட்க வேண்டியதில்லை. திண்ணை தெரிஞ்சவங்களுக்கும் வழிப்போக்கருக்கும். நிலைப்படி தாண்டினா நடை, நடையில நின்னா முற்றத்து வெளிச்சம் தெரியும், ஆனா கூடத்துல யார் உட்கார்ந்திருக்காங்கன்னு தெரியாது. ஆள் எவ்வளவு நெருக்கம்னு பார்த்து எந்த இடம் வரைக்கும் வரலாம்னு வீடே பிரிச்சு வெச்சிருக்கு. அந்தப் பக்கம் ஒரே ஒரு கேள்வி: உள்ளேயா, வெளியேயா?

ஆனா இதையும் சொல்லணும், ரெண்டு பக்கமும் ஒண்ணை ஒண்ணு பார்த்து நிறையக் கத்துக்கிட்டாங்க. வாய்க்காலுக்கு மேற்கே மாடி கட்டினவங்க பட்டிப் பலகை வெச்ச ஜன்னலும் அரைவட்ட வளைவும் எடுத்துக்கிட்டாங்க. கிழக்கே இருக்கற துரை வீட்டுக் கூரையைப் பாருங்க: தேக்குக் கட்டை அடுக்கி, அதுமேல சின்னச் செங்கல்லைச் சாய்வாட்டு நெட்டுக்குத்தா அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்டு இடிச்ச மெட்ராஸ் டெரஸ். பிரான்சுல அது கிடையாது. இந்த ஊர்க் கொத்தன் செஞ்சது.

பேச்சுலயும் அப்படித்தான். கதவு, தாழ், நிலை, படி எல்லாம் நம்ம சொல். ஜன்னலும் சாவியும் போர்த்துக்கீசியர்கிட்ட வாங்கினது. சாளரமும் திறவுகோலும் இருந்தும் வாங்கியிருக்கோம். பிரெஞ்சுக்காரன் இத்தனை வருஷம் இருந்தும் வாசல்ல ஒரு சொல்லை விட்டுட்டுப் போகலை, பாருங்க.

இன்னொரு எரிச்சல், இழைக்குச் சம்பந்தமில்லைதான். இப்ப யார் ஓட்டல் திறந்தாலும் மஞ்சள் அடிச்சு வெள்ளைப் பட்டை போட்டுட்டா "பிரெஞ்சு" ஆயிடுது. தமிழர் பகுதியிலயும் ஆரம்பிச்சுட்டாங்க.

#9 கிழக்காப்பிரிக்கா_தமிழன்

சான்சிபார்ல சில காலம் வேலை பார்த்தேன். கல் நகரம்னு சொல்ற பழைய ஊர்ல கதவுக்குத்தான் பேரே. மேல வளைவு இருந்தா இந்தியக் கதவு, மேல நேர்ச்சட்டம் இருந்தா அரபுக் கதவுன்னு உள்ளூர்ல அடையாளம் சொல்வாங்க. பித்தளைக் குமிழ் கூரா நீட்டிட்டு இருக்கும். யானை முட்டாம இருக்க இந்தியாவில வெச்சதுன்னு வழிகாட்டிகள் சொல்வாங்க. யானையே இல்லாத தீவுல அந்தக் குமிழ் வெறும் கௌரவத்துக்கு.

அங்கயும் கதவை மட்டும் வாங்கிட்டுப் போறவங்க உண்டு. கதவு போன வீட்டை நடந்து போகும்போதே கண்டுபிடிச்சுடலாம். சுவர்ல காயம் மாதிரி தெரியும்.

#10 கணக்குப்பிள்ளை

எல்லாரும் நல்லாப் பேசறீங்க. நான் கொஞ்சம் கசப்பா எழுதறேன்.

இவர் வீட்டுல நாலு பங்காளி இருப்பாங்க. ரெண்டு பேர் வெளியூர், ஒருத்தர் வெளிநாடு. கூரை ஒழுகும். பழைய கதவுக்கு ஒரு ஆசாரி வாரக்கணக்குல உட்கார்ந்து வேலை பார்க்கணும், கூலி யார் குடுப்பா? பாரம்பரியம் பேசறவங்க சாயங்காலம் போட்டோ எடுத்துட்டுப் போயிடுவாங்க. மழையில வாளி வைக்கறது அந்த அம்மாதான். மேரி கட்டடம், அதாவது பழைய நகராட்சிக் கட்டடம், 1870களில் கட்டினது, கடற்கரையில எல்லார் கண்ணு முன்னாடியும் நின்னுது. 2014 நவம்பர் மழையில மொத்தமா விழுந்துது. அரசாங்கக் கட்டடத்துக்கே அந்தக் கதின்னா தனி ஆள் என்ன பண்ணுவார்? வித்துட்டு அந்தக் காசுல கூரையைச் சரி பண்ணினா வீடாவது நிக்கும். நான் அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன்.

#11 மாடக்குழி

தப்புன்னு நானும் சொல்லலை, பிள்ளை. ஆனா பாதிக் கதையோட நிறுத்திட்டீங்க. மேரி கட்டடத்தைத் திரும்ப அதே தோற்றத்துல கட்டி 2021ல திறந்தாங்க. வைசியாள் தெருவில 2000களின் தொடக்கத்துல ஐரோப்பிய உதவியோட, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கற இன்டாக் அமைப்பு வேலை செஞ்சப்போ வீட்டுக்காரங்களும் ஒரு பங்கு போட்டாங்க. ஒரு வீடு ரெண்டு வீடா இல்லாம தெருவையே சேர்த்து எடுத்தாங்க, தாழ்வாரம் வரிசையா மறுபடி நின்னுது. 2008ல யுனெஸ்கோவோட ஆசிய பசிபிக் அங்கீகாரமும் கிடைச்சுது.

கூலி விஷயத்துல நீங்க சொல்றது சரி. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

#12 உளிக்காரன்

கூலிக்கு நான் பதில் சொல்றேன். ஒரு சாண் உளுத்ததுக்கு நிலையையே மாத்தணும்ங்கறது, குதிகால் வெடிப்புக்குக் காலை எடுக்கற மாதிரி. வேலை அஞ்சாறு நாள்தான். இப்படிச் செய்ங்க.

முதல்ல உத்தரத்துக்கு அடியில ரெண்டு முட்டு குடுங்க. சுவர் பாரம் நிலைமேல இருக்கக்கூடாது. அப்புறம் கதவை எடுங்க. குடுமிக் கதவைக் கழட்ட ஆணி பிடுங்க வேண்டியதில்லை. மேல் குடுமி நீளமா இருக்கும், கீழ்க் குடுமி குட்டை. ரெண்டு பேர் பிடிச்சு நேரா மேல தூக்கினா கீழ்க் குடுமி குழியை விட்டு வெளியே வரும், அடியை இழுத்து இறக்கிடலாம். எந்தக் கதவு எந்தப் பக்கம்னு முதுகுல எழுதி வைங்க. எல்லாரும் மறப்பாங்க, நானே மறந்திருக்கேன்.

உளுத்ததை வெட்டும்போது சாக்பீஸ் கோட்டுக்கு நாலு விரல் மேல வரைக்கும் போங்க. நேரா வெட்டக்கூடாது. ஒரு அடி நீளத்துக்குச் சாய்வா வெட்டி, புதுத் துண்டையும் அதே சாய்வுல சீவி முகத்தோட முகம் ஒட்டணும். சாய்வு வெளிப்பக்கம் கீழே இறங்கற மாதிரி இருக்கட்டும், அப்பத்தான் மழைத்தண்ணி இணைப்புக்குள்ள போகாது. துண்டுக்குப் புதுத் தேக்கு வாங்காதீங்க. இப்ப கிடைக்கறதுல பாதி வெளிறு, வைரம் பாயாத மரம். இடிச்ச வீட்டு உத்தரம், கைமரம் விக்கற இடத்துல வைரம் பாய்ஞ்ச பழைய கட்டை ஒண்ணு பாருங்க. நார் ஓட்டம் ரெண்டுலயும் ஒரே திசையில இருக்கணும். இரும்பாணி கூடவே கூடாது. கடல் காத்துக்குத் துரு ஏறினா ஆணி பருத்து மரத்தைப் பிளக்கும். மர ஆணி அடிங்க, முடியலேன்னா பித்தளைத் திருகாணி.

முக்கியமான இடம் அடி. மரத்தோட வெட்டுமுகம் உறிஞ்சுகுழல் மாதிரி தண்ணி குடிக்கும். அதைத் தரையில வைக்காதீங்க. மூணு அங்குல உயரத்துக்குக் கருங்கல் துண்டு குடுத்து அதுமேல நிறுத்துங்க. கீழ்ப்படியும் போயிருந்தா அதையும் கருங்கல்லாவே போட்டுடலாம், குடுமி உட்கார்ற குழியில ஒரு பித்தளைக் கிண்ணம் வைங்க. உரசாது, கத்தாது.

எனாமலைச் சுரண்டுங்க. நெருப்பு வெச்சு உரிக்க வேண்டாம், செதுக்கு வேலை கருகிடும். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை வெறும் மரத்துல ரெண்டு தடவை தடவிக் காய விடுங்க. மழையில அது கரைஞ்சு போயிடும்ங்கறதால மேல ஆளிவிதை எண்ணெய், மெல்லிசா, மூணு நாலு தடவை. எண்ணெய் துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில போடாதீங்க, தானாப் புகைஞ்சு தீப்பிடிக்கும். விரிச்சுக் காயப் போடுங்க. விளையாட்டுக்குச் சொல்லலை.

ரோடு உயரத்துக்கு நம்மால ஒண்ணும் முடியாது. தாழ்வாரத்து ஓரமா ஒரு சின்ன வாய்க்கால் வெட்டித் தண்ணியைத் திருப்பி விடுங்க. அதைச் செய்யலேன்னா பத்து வருஷத்துல மறுபடி என்னைக் கூப்பிடுவீங்க.

ஆமா, நிலையைச் சுவரிலிருந்து விலக்கும்போது முதுகுப் பக்கத்தைப் பாருங்க. சின்னச் சின்னப் பள்ளமா வாச்சித் தடம் (வாச்சின்னா மரம் செதுக்கற கைக்கருவி) இருந்தா கையால செதுக்கினது. பிறை மாதிரி வளைஞ்ச கோடு இருந்தா வட்டரம்பம் போட்ட மரம், அவ்வளவு பழசு இல்லை.

#13 வாய்க்கால்_மேற்கு

ரெண்டு மாசம் ஆச்சு, மன்னிக்கணும். சித்தப்பாவோட பெரிய சண்டை, அப்புறம் சமாதானம். கூலியில பாதி அவரே குடுத்தார், அதான் ஆச்சரியம். வேலை ஆரம்பிச்சாச்சு.

முதுகுல வாச்சித் தடம்தான் அண்ணே. கையை வெச்சுத் தடவினா மீன் செதில் மாதிரி இருக்கு.

விஷயம் அது இல்லை. கீழ்ப்படியைத் தூக்கினப்போ அடியில சுண்ணாம்புக்குள்ள ஒரு காசு பதிஞ்சிருந்தது. செம்பு, பச்சை பிடிச்சிருக்கு, சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. ஆசாரி எலுமிச்சம்பழத்தை எடுக்கப் போனார், கையைப் பிடிச்சுத் தடுத்துட்டேன். ஒரு பக்கம் பூ மாதிரி ஏதோ. இன்னொரு பக்கம் தமிழ் எழுத்து, "புது" வரைக்கும் படிக்க முடியுது. வாசக்கால் வைக்கும்போது அடியில காசும் நவதானியமும் போடற வழக்கம்னு அம்மா சொல்றாங்க.

#14 பழஞ்சுவடி

எலுமிச்சையைத் தடுத்ததற்கு உங்களுக்கு ஒரு கும்பிடு.

அது பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் வெளியிட்ட செப்புத் துட்டு. பூ என்று நீங்கள் சொல்வது லில்லி, பிரெஞ்சு அரச குலத்துச் சின்னம். மறுபக்கம் முழுதாக இருந்தால் "புதுச்சேரி" என்று தமிழில் இருக்கும். ராஜாவின் பூ ஒரு பக்கம், நம் எழுத்து மறுபக்கம்.

இதை வைத்துச் சித்தப்பா மறுபடி துய்ப்ளே என்று ஆரம்பிப்பார், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த வகைத் துட்டு 18ஆம் நூற்றாண்டு முழுக்கவும் அதற்குப் பிறகும் அடித்தார்கள். காசு அடித்ததற்கு முன்னால் அந்தப் படியை வைத்திருக்க முடியாது. இதற்கு மேல் காசு எதையும் சொல்லாது. வீட்டுப் பெட்டியில் நூறு வருடம் கிடந்த பழைய துட்டை ராசி என்று எடுத்துப் போட்டிருக்கலாம். படியை மட்டும் இடையில் ஒருமுறை மாற்றியிருக்கவும் கூடும்.

இரண்டு பக்கமும் வெளிச்சம் சாய்வாக விழும்படி படம் எடுத்து வையுங்கள். எடையும் பாருங்கள்.

#15 வாய்க்கால்_மேற்கு

நேத்து நிலை நிறுத்தியாச்சு. கருங்கல் படி, பித்தளைக் கிண்ணம், எல்லாம் உளிக்காரன் அண்ணே சொன்னபடி. ஒட்டுப் போட்ட இடம் நிறம் கொஞ்சம் வெளுப்பாத் தெரியுது, எண்ணெய் ஊற ஊற சேர்ந்துடும்னார் ஆசாரி. கதவு சத்தமே இல்லாம சுத்துது. ராத்திரி யார் வந்தாங்க போனாங்கன்னு தெரியலைன்னு அம்மாவுக்கு அதுல ஒரு குறை.

துதிக்கையை ஆசாரி செதுக்கித் தர்றேன்னார். வேண்டாம்னுட்டேன். ஏன்னு கேட்டார், அப்பத்தான் அம்மா முன்னாடி பந்து விஷயத்தைச் சொல்ல வேண்டியதாப் போச்சு. "தெரியும்டா, அன்னைக்கே தெரியும்"னாங்க.

காசை மறுபடி அடியிலயே வெச்சுட்டாங்க, கூட ஒரு பத்து ரூபாய் நாணயமும்.

#16 பழஞ்சுவடி

வைப்பதற்கு முன் படம் எடுத்தீர்களா?

#17 வாய்க்கால்_மேற்கு

பூ இருக்கற பக்கம் மட்டும் எடுத்தேன் ஐயா. திருப்பறதுக்குள்ள ராகுகாலம் வந்துடும்னு அவசரப்படுத்திட்டாங்க.